மலைச்சிக்குக் கந்தர்வ ரத்தம் கிடையாது

கைராசின்னு மட்டும் சொல்லாதீங்க அண்ணாச்சி. நல்ல மனசோடதான் சொல்லுதீங்க, தெரியுது. ஆனா அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஊசி வலிக்கலன்னா வலிக்கலன்னு சொல்லுங்க. நல்லா குத்துத தாயின்னு சொல்லுங்க, சந்தோசமா வாங்கிக்கிடுதேன். ராசி எங்க வந்துச்சு இதுல? வேலைக்குச் சேந்த புதுசுல நரம்பு பிடிபடாம எத்தன பேரு கையத் துளைச்சிருப்பேன், எத்தன பேருகிட்ட ஏச்சு வாங்கியிருப்பேன்! அதெல்லாம் எங்க போச்சு? எந்தச் சாமி வந்து என் கையப் பிடிச்சுக் குத்திக் கொடுத்துச்சு?

உக்காருங்க. இட்லி சாப்பிட்டாச்சுல்லா? இனி ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் அடுத்த ரத்தம் எடுக்கணும். வெளிய வெயில் மண்டையப் பொளக்கு, ஃபேனுக்கு அடியில உக்காருங்க. காலையிலேயே ஏன் இப்படி வள்ளுன்னு விழுதான்னு நினைப்பீங்க. நேத்து ஒரு சாவு அண்ணாச்சி. பதறாதீங்க, நிசச் சாவு இல்ல, விளையாட்டுல. விளையாட்டுன்னாலும் மனுஷச் சாவு. வழக்கே அதுதான்.

நான் ஒரு விளையாட்டு விளையாடுதேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம், பாளையங்கோட்டையில கோயில்பிள்ளை சார் வீட்டுல. சார் பாலிடெக்னிக்ல வாத்தியாரு. அவரு சர்ச்சுக்குப் போயிட்டு வந்து, சாப்பாடு முடிஞ்சு, மேசையத் துடைச்சதும் நாலு பேரு உக்காருவோம். சீட்டுக்கட்டு இல்ல. சார் ஒரு கதை சொல்லுவாரு. ராஜா, காடு, நெருப்பு கக்குற பறக்குற பாம்பு, எல்லாம் உண்டு. அந்தக் கதைக்குள்ள எங்களுக்கு ஆளுக்கு ஒரு வேசம். 'முன்னால ஒரு கதவு, பூட்டியிருக்கு, என்ன செய்யுதீங்க?'ன்னு சார் கேப்பாரு. நாங்க சொல்லணும். நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா கட்டைய உருட்டணும். தாயக்கட்டை மாதிரிதான், ஆனா இருபது முகம். பெரிய எண் விழுந்தா நடந்துச்சு, சின்னது விழுந்தா போச்சு.

சிரிக்காதீங்க. இந்த வயசுல இது என்ன கூத்துன்னு கேக்கீங்க. நீங்க டிவியில நாடகம் பாக்கீங்கல்லா? எவனோ எழுதுனதுக்கு நீங்க அழுவீங்க. இங்க நான் சொன்னதுக்கு நானே அழுவேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

என் ஆளு பேரு மலைச்சி. ஓலைக்காரி. ஒரு ஊருச் சேதிய இன்னொரு ஊருக்கு ஓடிக் கொண்டு சேக்கணும், அதுதான் அவ வேலை. மந்திரம் ஒரு சொட்டுக் கிடையாது. நாந்தான் வேண்டாம்னேன். ஆளு தேறத் தேற சார் ஒவ்வொரு படியா ஏத்துவாரு. செருப்பில்லாம முதல் படியில ஆரம்பிச்சவ, ரெண்டு வருஷமா அடிபட்டு மிதிபட்டு ஏறி, இப்பம் பன்னிரண்டாம் படியில நிக்கா. சார் வீட்டுல ஒரு சட்டம் உண்டு. ஆளு செத்தா செத்ததுதான். புதுசா ஒரு ஆளு எடுத்து மறுபடியும் முதல் படியில இருந்து வரணும். அதனால மலைச்சிய நான் பொத்திப் பொத்தித்தான் கொண்டு வந்தேன்.

கூட ஜொஹரா டீச்சர். வைத்தியச்சியா வருவாங்க. பொறவு ஆவுடையப்பன்னு ஒரு பய, கம்ப்யூட்டர் வேலை. அவந்தான் மந்திரவாதி. அவன் ஆளு பேரு சோதிநாதர். அவனுக்கென்ன, வாயத் தொறந்தாப் போதும். 'சோதிநாதர் மந்திரம் போடுதாரு, கதவு தொறக்கு.' தொறந்துரும். கட்டையும் கிடையாது ஒரு கழுதையும் கிடையாது. அதே கதவ, 'மலைச்சி தோளால இடிச்சுத் தொறக்கா'ன்னு நான் சொல்லட்டும், உடனே சாருக்குப் பாலிடெக்னிக் ஞாபகம் வந்துரும். கதவு என்ன மரம்? தேக்கா, வேம்பா? எத்தன கனம்? மலைச்சி எடை என்ன? 'கொஞ்சம் யோசிச்சுச் சொல்லும்மா, நடக்கக்கூடியதா இருக்கணும்லா'ம்பாரு.

இன்னொரு நாளு, மலைச்சி தரையில காத வச்சு, குதிரை வருதான்னு கேக்கா. ஓலைக்காரி, பொழுதுக்கும் ரோட்டுல கிடக்கவ, அவளுக்குத் தெரியாதா? 'மனுஷக் காதுக்கு அவ்வளவு தூரம் எட்டாதும்மா'ன்னுட்டாரு. ஆவுடையப்பன் முறுக்கக் கடிச்சுக்கிட்டே, 'தூரச்செவி மந்திரம் சார்'ங்கான். உடனே இவரு, 'ஆமா, கேக்கு. பத்துப் பன்னிரண்டு குதிரை. அதுல ஒண்ணு நொண்டி'ங்காரு. நொண்டிக் குதிரை வரைக்கும் கேட்டுச்சு அண்ணாச்சி அந்த முறுக்குத் தின்னிக்கு!

நான் விடல. அன்னைக்கே கேட்டேன். 'சார், உங்க ஊருல பாம்பு பறக்கு. அம்மாம் பெரிய உடம்ப அந்த ரெக்கை தாங்காதுன்னு நீங்க கணக்குப் போட்டதுண்டா?'ன்னேன். 'அது மந்திரம்மா'ன்னாரு. 'அப்பம் அந்த ஊரு மண்ணு வேற, தண்ணி வேற, காத்து வேற. அந்த ஊர்ல பொறந்து அந்தத் தண்ணியக் குடிச்சு வளந்தவளுக்கு மட்டும் காலும் காதும் பாளையங்கோட்டைக் காலும் காதுமா இருக்கணுமா?'ன்னேன். சார் மூக்குக் கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு, 'நல்ல கேள்வி'ன்னாரு. நல்ல கேள்வின்னு சொல்லுத வாத்தியாரு பதில் சொல்ல மாட்டாருன்னு எனக்கு அப்பமே தெரியும்.

ஆவுடையப்பனச் சொல்லிக் குத்தமில்ல. அவனுக்கு மந்திரவாதி வேசந்தான் பொருந்தும். உடம்பு வளையாது. அவங்க அப்பா எங்க தெருக்காரரு, எனக்குத் தெரியும், உக்காந்த இடத்துல தண்ணி கேக்குத ஆளு. தாத்தாவும் அப்படித்தானாம். சோம்பேறித்தனம் அந்தக் குடும்பத்து ரத்தத்துலயே ஓடுது. அதை மாத்த முடியுமா என்ன?

சரி, நேத்துக் கதைக்கு வாரேன்.

நேத்து நாங்க ஒரு ஊரையே காப்பாத்திக் கூட்டிக்கிட்டு வாரோம். கிழவன், கிழவி, கைப்பிள்ளை, ஆடு, கோழி எல்லாம். ராஜாவோட படை பின்னாலயே துரத்திக்கிட்டு வருது. முன்னால பெரிய பள்ளம், அடியில பாறை. அந்தப் பள்ளத்துக்கு ஒரு மரப்பாலம் உண்டு, ஆனா அதை அந்தக் கரையில தூக்கிக் கட்டியிருக்கு. யாராவது அங்க போயிக் கயித்த அவுத்தாத்தான் பாலம் இறங்கும். அந்தக் கரையில ஒரு ஈ காக்கா கிடையாது.

எல்லாரும் சோதிநாதரப் பாத்தோம். பறக்குற மந்திரம் இருக்குல்லா? அது தீந்து போச்சாம். ஒரு நாளைக்கு இத்தனைதான் மந்திரம்னு அவனுக்கு ஒரு அளவு உண்டு. காலையில குளிக்க வெந்நி வைக்க ஒண்ணு, ஆறிப் போன கறியச் சுட வைக்க ஒண்ணுன்னு பொழுது ஏறுமுன்னயே தீத்துட்டான். ரத்தத்துலயே ஓடுதுன்னு சொன்னேம்லா?

'மலைச்சி தாண்டுதா'ன்னேன்.

சார் சிரிச்சாரு. பள்ளம் நாப்பது அடிம்மான்னாரு. இருக்கட்டும்னேன். போனை எடுத்துத் தட்டிப் பாத்துட்டு, 'உலகத்துலயே அதிக தூரம் தாண்டுனவன் ஒன்பது மீட்டரத் தொடல. இது பன்னிரண்டு மீட்டருக்கு மேல'ன்னாரு. 'அவன் எந்தப் படி சார்? பன்னிரண்டாம் படியா? அவனப் பின்னால படை துரத்துச்சா?'ன்னேன். ஜொஹரா டீச்சர் சிரிச்சுட்டாங்க.

அப்பந்தான் சார் கையக் கோத்து மேசையில வச்சுக்கிட்டு மெதுவா ஆரம்பிச்சாரு. 'முப்பிடாதி, உனக்காகவே ஒரு வழி யோசிச்சு வச்சிருக்கேன். ரொம்ப நாளா வச்சிருக்கேன். மலைச்சி அப்பா உண்மையில சாதாரண ஆளு இல்ல. அவரு ஒரு கந்தர்வன். மலைச்சி ஒடம்புல பாதி கந்தர்வ ரத்தம். அவளுக்கே தெரியாது. இன்னைக்குத்தான் தெரியப் போவுது. அவ ஓடி வாரா, பள்ளத்து ஓரத்துல கால ஊனுதா, முதுகுல ரெக்கை விரியுது...'

ஜொஹரா டீச்சர் கையத் தட்டிட்டாங்க. ஆவுடையப்பன், 'சூப்பர் சார்'ங்கான். எனக்குக் காதெல்லாம் சுட்டுப் போச்சு அண்ணாச்சி.

மலைச்சிக்கு அப்பா இருக்காரு. நான் முதல் நாளே சொல்லியிருக்கேன். உப்பு மூட்டை சுமந்து மலை ஏறுனவரு. அவரு பின்னால ஓடி ஓடித்தான் மலைச்சிக்கு அந்தக் காலு வந்துச்சு. அவரத் தூக்கித் தூரப் போட்டுட்டு இவரு கந்தர்வனக் கொண்டாந்து வைக்காரு. ரெண்டு வருஷம் அவ ஓடுன ஓட்டமெல்லாம் யாருக்குச் சொந்தம்? எவனோ மேல இருந்து வந்து போனவனுக்கா? நான் பரீட்சையில முதலா வந்தப்பயும் எங்க சொந்தக்காரங்க, 'முப்பிடாதியம்மன் பேரு வச்சோம்லா, அவ புண்ணியம்'ன்னாங்க. நான் கண்ணு முழிச்சுப் படிச்சத ஒரு நாதியும் சொல்லல. எனக்கு வந்தது போதும், மலைச்சிக்குமா?

'சார், தெனமும் ரத்தம் எடுக்கேன். பணக்காரன், ஏழை, சாமியாடி, டாக்டரு, எல்லாரு ரத்தமும் என் குழாயில வந்திருக்கு. கந்தர்வன் ரத்தம் ஒண்ணுகூட வரல'ன்னேன். 'மலைச்சி மனுஷி. மனுஷியாத்தான் தாண்டுவா. கட்டைய உருட்டுதேன்.'

'செத்துருவாம்மா.'

'பாப்போம்.'

சாரு, 'இருபது விழுந்தா மட்டும் ஒத்துக்கிடுதேன். பத்தொன்பது விழுந்தாலும் கிடையாது'ன்னாரு. சரின்னேன். என் கட்டைய எடுத்தேன்.

என் கட்டைய நான் குங்குமச் சிமிழ்ல வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமையானா விளக்கு முன்னால வைப்பேன். வேற ஒருத்தர் கை படக்கூடாது. பட்டா அன்னைக்குப் பூரா அது சரியா விழாது, அது என் அனுபவம். நீங்க ஏன் அப்படிப் பாக்கீங்க? அது வேற அண்ணாச்சி. கட்டைங்கிறது பொருளு. பொருளுக்குச் சுத்தம் வேணும். அதையும் இதையும் போட்டுக் குழப்பாதீங்க.

கிழக்கப் பாத்து உக்காந்தேன். உருட்டுனேன். மேசையில அது ஓடி, சாரோட டம்ளர்ல இடிச்சு, திரும்பி வந்து நின்னுச்சு.

இருபது.

ஐயோ, அந்தச் சத்தத்த நீங்க கேக்கணுமே! ஜொஹரா டீச்சர் எந்திரிச்சு என்னக் கட்டிப் பிடிச்சுட்டாங்க. சாரே நாற்காலிய விட்டு எந்திரிச்சுட்டாரு. மலைச்சி தாண்டிட்டா! அந்தக் கரையில முட்டி தேய விழுந்து, உருண்டு எந்திரிச்சு, கயித்த அவுத்து விட்டா. பாலம் இறங்குச்சு. கிழவன், கிழவி, ஆடு, கோழி, எல்லாம் போவுது. சோதிநாதரும் வேட்டியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடந்தே போறாரு. கடைசி ஆடு வரைக்கும் கரை சேந்தாச்சு.

அதோட விட்டிருந்தா நான் இன்னைக்கு உங்ககிட்ட சிரிச்சுப் பேசிக்கிட்டு இருப்பேன். விட்டாங்களா?

ஆவுடையப்பன் சொல்லுதான், 'அக்கா கட்டைக்கு நல்ல ராசி.' ஜொஹரா டீச்சரு, பாவம், நல்லவங்கதான், 'கைராசிக்காரில்லா நம்ம முப்பிடாதி, ஆஸ்பத்திரியிலயே பேரு வாங்குனவ'ங்காங்க. சார் என்ன செஞ்சாரு தெரியுமா? என் ஆளோட விவரமெல்லாம் எழுதி வச்ச தாள இழுத்து, பென்சில எடுத்து, ஓரத்துல எழுதுதாரு. என்ன சார் எழுதுதீங்கன்னு எட்டிப் பாத்தேன். 'கந்தர்வ வம்சம்'னு எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருக்காரு. 'இருபது சும்மா விழுமாம்மா? வெளிய தெரியாம அது வேலை செஞ்சிருக்கு. கதைக்கு அழகா இருக்கும், இருந்துட்டுப் போவுது'ன்னு சிரிக்காரு.

'அழிங்க சார்'னேன்.

'பென்சில்தானம்மா.'

'அழிங்க.'

'பொறவு பாப்போம்'ன்னாரு.

'அப்படியா? சரி. மலைச்சி திரும்பித் தாண்டுதா.'

யாருக்கும் விளங்கல. சார், 'எங்க?'ன்னாரு. 'வந்த கரைக்கு.' 'எதுக்கும்மா? பாலந்தான் இறங்கியாச்சே, வேணும்னா அதுல நடந்து போவட்டுமே.' 'பாலத்துல போறவங்க போட்டும் சார். அவ தாண்டித்தான் போவா.' 'அங்க என்ன இருக்கு? படை வந்துக்கிட்டு இருக்கு. போய் என்ன செய்யப் போறா?' 'ஒண்ணும் செய்ய மாட்டா. தாண்டுவா. அவ்வளவுதான்.'

ஜொஹரா டீச்சர் என் கையப் பிடிச்சாங்க. 'வேண்டாம்டி, ரெண்டு வருஷமாச்சு, பொத்திப் பொத்தி வளத்த.' நான் கைய உருவிக்கிட்டேன். ராசின்னுதான சொல்லுதீங்க? என் கட்டையும் வேண்டாம். ஆவுடையப்பா, உன் கட்டையக் கொடுன்னேன். முறுக்கு எண்ணெயோட பிசுபிசுன்னு இருந்துச்சு. துடைக்கக்கூட இல்ல. அப்படியே உருட்டுனேன்.

ஏழு.

சார் கட்டையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. பொறவு ஆரம்பிச்சாரு. அவரு குரலே வேற மாதிரி இருந்துச்சு.

'மலைச்சி ஓடி வாரா. கால ஊனித் தாவுதா. பாதிப் பள்ளம் தாண்டிட்டா. அதுக்கு மேல போகல. கீழ இறங்குதா. அப்பம்... அவ முதுகுல... குறுகுறுன்னு ஏதோ...'

'அரிப்பு சார்'னேன். 'நாலு நாளா குளிக்கல அவ.'

'ரெண்டு தோள்லயும் ஏதோ விரியுது. காத்த அடிச்சுக்கிட்டு...'

'சீலை சார். முந்தானை அவுந்து போச்சு.'

'மேல இருந்து ஒரு குரல் கூப்பிடுது. மகளேங்குது.'

'அது அவங்க அப்பா. உப்பு மூட்டைக்காரரு. செத்து வருஷமாச்சு. பாத்து விழு தாயிங்காரு.'

ஆவுடையப்பன் சிரிக்க ஆரம்பிச்சவன், என் மூஞ்சியப் பாத்துட்டு நிறுத்திக்கிட்டான். சார் கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாரு. 'முப்பிடாதி, ஒரு வார்த்தை சொல்லும்மா. ஆமான்னு ஒரு வார்த்தை. நான் பறக்க விட்டுருதேன். இவளக் கொல்ல எனக்கு மனசு வரல'ன்னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. பாத்தீங்களா எப்பேர்ப்பட்ட பிடிவாதம்? நான் சொன்னத ஒத்துக்கிடக் கூடாதுங்குறதுக்காக அழுவுத அளவுக்குப் போயிட்டாரு மனுஷன்!

'நீங்க கொல்லல சார். அவளே தாண்டுனா, அவளே விழுதா. முடிங்க'ன்னேன்.

முடிச்சாரு. பெருசா ஒண்ணும் சொல்லல. 'பாறையில விழுந்தா'ன்னாரு. அவ்வளவுதான். ஜொஹரா டீச்சரு தலையில போட்டிருந்த தட்டத்துணியால மூஞ்சிய மூடிக்கிட்டாங்க. எனக்கும் அழுகை வந்துச்சு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷம் அண்ணாச்சி. வீட்டுல போயி சாப்பிடப் பிடிக்கல.

அந்த ஆவுடையப்பன் சும்மா இருந்தானா? 'அக்கா, கவலைப்படாதீங்க. சார் சட்டம் கிடக்கட்டும். அடுத்த படியில எனக்கு உயிர் எழுப்புற மந்திரம் வருது, நான் மலைச்சிய எழுப்பிருதேன்'ங்கான். 'டேய், அவ மேல உன் முறுக்குக் கை பட்டுச்சு, ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்'னேன். அவ செத்தாச்சு. செத்தவள எழுப்பி, இது எங்க சோதிநாதர் மந்திரம்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க. அவ தாண்டுனது போயிரும், இவன் எழுப்புனதுதான் நிக்கும். கெட்டுச்சா கதை!

நீங்களே சொல்லுங்க. முதல் தடவை தாண்டுனாளா இல்லையா? தாண்டுனா. நாப்பது அடி. ஒரு ரெக்கையும் இல்ல. ரெண்டாவது தடவை விழுந்தா. கந்தர்வச்சியா இருந்தா விழுவாளா? விழுந்ததுலதான அவ மனுஷின்னு நிக்கா! இப்பம் அந்தப் பென்சில்ல எழுதுனதுக்கு என்ன மரியாதை? சார்கிட்டயே கேட்டேன். ரப்பர எடுத்து அழிச்சாரு. தாள் கிழியுத மாதிரி அழிச்சாரு.

பொறவு ஒரு புது வெள்ளைத்தாள எடுத்து என் முன்னால தள்ளுனாரு. முதல் படி. செருப்பில்லாத படி.

'இந்த ஆளு என்னம்மா செய்வா?'ன்னாரு.

'தாண்டுவா சார்'னேன்.

பென்சிலக் கையில வச்சுக்கிட்டு, 'எத்தன அடி?'ன்னு கேட்டாரு.

'மொதல்ல பள்ளத்தக் காட்டுங்க'ன்னேன்.